ஹவாய் குடும்பப் பெயர்கள்: பொருள் என்ன, தோற்றம் எப்போது, அரிதாக இருப்பது ஏன்?

பசிபிக் பெருங்கடலில் அமைந்துள்ள ஹவாய் தீவுகளின் பூர்வகுடி மக்களிடையே, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை குடும்பப் பெயர் என்னும் வழக்கம் பொதுவாக இருந்ததில்லை. ஒருவருக்கு ஒரு பெயர். அது அவருக்கு மட்டுமே உரியது என்பதே அவர்களின் மரபு. 1860-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம் இந்த மரபை மாற்றியது. தனி மனிதருக்காக உருவாக்கப்பட்ட பெயர்கள் அன்றுமுதல் தலைமுறைகளைத் தொடரும் குடும்பப் பெயர்களாயின.

இன்று ஹவாய் குடும்பப் பெயர்கள் பலவற்றை மிகச் சிலரே தாங்கியிருப்பதற்கும், அவற்றின் பொருளை அகராதியைக் கொண்டு மட்டும் அறுதியிட முடியாததற்கும் இதுவே அடிப்படைக் காரணம்.

பெயருக்குள் ஒரு சொற்றொடர்

'சம்வேர் ஓவர் த ரெயின்போ' பாடலை யுகுலேலே இசைக்கருவியுடன் பாடி உலகப் புகழ் பெற்ற ஹவாய் பாடகர் இஸ்ரேல் காமாக்காவிவோஓலே. அவர் 1997-இல் காலமானபோது, அவரது உடல் ஹவாய் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்தில் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது.

அவரது குடும்பப் பெயர் வெளிநாட்டவர்களுக்கு உச்சரிக்கக் கடினமான நீண்ட ஒலித்தொடராகத் தோன்றும். ஹவாய் மொழி அறிந்தவர்களுக்கோ அது நான்கு எளிய சொற்களின் சேர்க்கை. 'கா' என்பது ஆங்கிலத்தின் 'த' போன்ற சுட்டு இடைச்சொல். 'மாக்கா' என்றால் கண் அல்லது முகம். 'விவோ' என்றால் அச்சம். 'ஓலே' என்றால் இல்லாத. 'அஞ்சாத கண்' அல்லது 'அச்சமற்ற முகம்' என்பது அப்பெயரின் பொருள்.

ஹவாய் பெயர்கள் பலவும் இவ்வாறு சொற்றொடர்களாகவே அமைந்துள்ளன. ஹவாய் தீவுகளை ஒன்றிணைத்த மன்னர் காமேஹாமேஹாவின் பெயருக்குத் 'தனித்திருப்பவர்' என்பது பொருள். மன்னர் காலாக்காவுவாவின் பெயர் 'போர் நாள்' எனப் பொருள்படும். அமெரிக்க நாடாளுமன்றத்தில் 1903 முதல் 1922 வரை ஹவாயின் பிரதிநிதியாக இருந்த இளவரசர் கூஹியோ காலானியானாஓலேயின் பெயரில் உள்ள 'லானி' என்ற சொல் வானத்தையும் அரச குலத்தோரையும் குறிக்கும். 'ஆனா' என்பது அளவு. முழுப்பெயரின் பொருள் 'அளவிட இயலாத தலைவர்'.

ஹவாய் பெயர்களில் கணிசமானவை 'க' அல்லது 'கே' என்ற ஒலியில் தொடங்குவதற்கும் அந்தச் சுட்டு இடைச்சொல்லே காரணம். அடுத்து வரும் சொல்லின் முதல் எழுத்தைப் பொறுத்து அது 'கா' என்றோ 'கே' என்றோ அமையும். பரவலாகக் காணப்படும் 'கேஅலோஹா' என்ற குடும்பப் பெயர், 'கே', 'அலோஹா' ஆகிய சொற்கள் இணைந்து 'அன்பு' எனப் பொருள்படுகிறது. ஹாலிவுட் நடிகர் கியானு ரீவ்ஸின் முதற்பெயரும் இவ்வகையைச் சேர்ந்ததே. 'கே', 'ஆனு' என்ற சொற்களாலான அப்பெயருக்குக் 'குளிர்ச்சி' என்பது பொருள்.

கனவில் வந்த பெயர், காக்கும் பெயர்

பழைய ஹவாய் சமூகத்தில் பெயர் என்பது அடையாளக் குறி மட்டுமன்று. அதற்கு 'மனா' எனப்படும் ஆற்றல் உண்டு என்றும், அது அதைத் தாங்குபவரின் வாழ்வைப் பாதிக்கும் என்றும் மக்கள் நம்பினர். பெயர் ஒருவரது உடைமையாகக் கருதப்பட்டது. உரியவரின் இசைவின்றி அதை இன்னொருவர் எடுத்துக்கொள்வது தகாத செயல். பெரும்பாலான பெயர்களில் ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை.

பெயர் கிடைக்கும் வழிகளும் வகைப்படுத்தப்பட்டிருந்தன. குடும்பத்தார் ஒருவரின் கனவில் தெரிவிக்கப்படும் பெயர் 'இனோவா போ', அதாவது இரவுப் பெயர். வானிலோ இயற்கையிலோ தோன்றும் அறிகுறியிலிருந்து பெறப்படுவது 'இனோவா ஹோஆய்லோனா'. யாரும் இல்லாத இடத்தில் குரலாகக் கேட்கும் பெயர் 'இனோவா ஊலாலேயோ'. முன்னோரின் பெயரைக் குழந்தைக்கு இடும் வழக்கமும் இருந்தது. நோயுற்ற குழந்தையைத் தீய ஆவிகள் நாடாமல் இருக்க, வேண்டுமென்றே அருவருப்பான பொருளுடைய பெயரைச் சூட்டும் வழக்கமும் காணப்பட்டது.

ஒரு நிகழ்வை நினைவில் நிறுத்தவும் பெயர் சூட்டப்பட்டது. 1838-இல் பிறந்து பின்னாளில் ஹவாயின் கடைசி ஆட்சியாளரான அரசி லிலியுவோகாலானிக்குப் பிறப்பில் இடப்பட்ட பெயர்களில் ஒன்று 'காமாக்காஏஹா'. அதன் பொருள் 'நோவுற்ற கண்'. அவர் பிறந்த வேளையில், நாட்டின் உயர்பதவியில் இருந்த கீனாவு என்ற அரச குலப் பெண்மணி கண்நோயால் துன்புற்றிருந்தார். அதை நினைவுகூரவே எரிச்சல், கண்ணீர், வலி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் குழந்தைக்குப் பெயர்களாயின.

பாடகரின் பெயரிலும் அரசியின் பெயரிலும் 'மாக்கா' என்ற ஒரே சொல் இடம்பெற்றுள்ளது. ஒன்றில் அது அச்சமின்மையையும் மற்றொன்றில் நோயையும் உணர்த்துகிறது. பெயர் பிறந்த சூழலை அறியாமல் பொருளை முழுமையாக உணர இயலாது என்பதற்கு இது சான்று.

1860-ஆம் ஆண்டுச் சட்டம்

1820-இல் கிறிஸ்தவ மதபோதகர்கள் ஹவாய்க்கு வந்த பிறகு, ஞானஸ்நானப் பெயர்கள் பரவத் தொடங்கின. மன்னர் நான்காம் காமேஹாமேஹா 1860 ஆகஸ்ட் 24 அன்று பெயர்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அச்சட்டத்தின்படி, மணமான பெண் கணவரின் பெயரைக் குடும்பப் பெயராக ஏற்க வேண்டும். திருமண உறவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தந்தையின் பெயரே குடும்பப் பெயர். திருமணத்துக்கு வெளியே பிறக்கும் குழந்தைகளுக்குத் தாயின் பெயர் குடும்பப் பெயராகும். இவற்றுடன், குழந்தையின் பாலினத்துக்கு ஏற்ற கிறிஸ்தவப் பெயர் ஒன்றும் இடப்பட வேண்டும்.

இந்தக் கடைசி விதியின் விளைவாக, ஹவாய் மொழிப் பெயர்கள் முதற்பெயர் என்ற இடத்தை இழந்து நடுப்பெயராகின. கிறிஸ்தவப் பெயரைக் கட்டாயமாக்கிய விதி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீடித்து, 1967-இல்தான் நீக்கப்பட்டது. முதலில் ஆங்கிலப் பெயர், நடுவில் ஹவாய் பெயர், இறுதியில் குடும்பப் பெயர் என்ற அமைப்பு இன்றும் அங்குப் பரவலாக உள்ளது.

அரிதாக இருப்பது ஏன்?

குடும்பப் பெயர்கள் பொதுவாகத் தொழில், ஊர், குலம் போன்ற பலருக்கும் பொதுவான அடிப்படையில் அமையும். ஆகவே, ஒரே பெயரைப் பல்லாயிரம் பேர் தாங்குவர். ஹவாயில் நிலைமை வேறு. ஒருவருக்கென்றே, ஒரு கனவையோ நிகழ்வையோ ஒட்டி உருவாக்கப்பட்ட பெயர், சட்டத்தின் காரணமாக அவரது பிள்ளைகளின் குடும்பப் பெயராயிற்று. எனவே அப்பெயரைத் தாங்குவோர் பெரும்பாலும் அந்த ஒருவரின் வழித்தோன்றல்களாக மட்டுமே இருக்க முடியும்.

உடன்பிறந்த சகோதரர்கள் இருவருக்கு வெவ்வேறு தனிப்பெயர்கள் இருந்தால், அவர்களின் பிள்ளைகள் வெவ்வேறு குடும்பப் பெயர்களைப் பெற்றனர். ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகள், பெயரளவில் தொடர்பற்ற குடும்பத்தினராகப் பதிவேடுகளில் தோன்றுவது இதனால்தான்.

மக்கள்தொகை வீழ்ச்சி இரண்டாவது காரணம். 1778-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் வந்த பிறகு, வெளியிலிருந்து பரவிய நோய்களுக்குப் பூர்வகுடியினர் பெருமளவில் பலியாயினர். 1853-ஆம் ஆண்டின் பெரியம்மைப் பரவல் அவற்றில் ஒன்று. 1900-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், கலப்பு வம்சாவளியினரையும் சேர்த்து அவர்களின் எண்ணிக்கை சுமார் 40 ஆயிரமாகச் சுருங்கியிருந்தது. ஆண் வாரிசு இல்லாத குடும்பங்களின் பெயர்கள் அத்துடன் மறைந்தன.

2010-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 63 லட்சம் குடும்பப் பெயர்கள் பதிவாயின. ஆயினும், குறைந்தது 100 பேராவது தாங்கியிருந்த பெயர்கள் 1,62,253 மட்டுமே. கணக்கெடுப்புத் துறை வெளியிடும் பட்டியலில் இவை மட்டுமே இடம்பெறும். ஒரே முன்னோரிடமிருந்து கிளைத்த ஹவாய் பெயர் ஒன்று இந்த வரம்பை எட்டாமல் போவது இயல்பே.

அதே வேளையில், ஹவாய் ஒலியமைப்பில் உள்ள எல்லாப் பெயர்களும் ஹவாய் சொற்கள் அல்ல. 1852 முதல் கரும்புத் தோட்டங்களில் பணிபுரிய வந்த சீனர்கள், உள்ளூர்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினர். சீனர்கள் ஒருவரையொருவர் அழைக்கும்போது பெயருக்கு முன் சேர்க்கும் 'ஆ' என்ற விளிச்சொல்லும் பெயருடன் கலந்து, 'ஆகானா', 'ஆகினா' போன்ற குடும்பப் பெயர்கள் உருவாயின. இவற்றை ஹவாய் அகராதியில் தேடிப் பொருள் காண்பது பொருந்தாது.

விடுபட்ட குறி, மாறும் பொருள்

ஹவாய் மொழியின் நெடுங்கணக்கில் உள்ளவை 13 எழுத்துகள் மட்டுமே. ஐந்து உயிர், எட்டு மெய். மெய்களில் ஒன்று 'ஓகினா' எனப்படும் தொண்டை நிறுத்தொலி. தலைகீழான மேற்கோள் குறி போன்ற வடிவில் அது எழுதப்படுகிறது. உயிரெழுத்தின் நெடிலைக் காட்ட 'காஹாகோ' என்ற மேற்கோடு உண்டு.

பழைய ஆவணங்களில் இவ்விரு குறிகளும் பெரும்பாலும் விடுபட்டுள்ளன. குறிகள் இன்றி ஒரே விதமாக எழுதப்படும் 'பாவு' என்ற சொல், ஒலிப்பைப் பொறுத்து 'முடிந்தது', 'புகைக்கரி', 'பாவாடை' என வெவ்வேறு பொருள் தரும். ஒரு குடும்பப் பெயரின் குறிகள் பதிவேட்டில் இல்லாதபோது, அதைப் பல வகையாகப் பிரித்துப் பல பொருள் கொள்ள வாய்ப்பு ஏற்படுகிறது. சரியான பிரிப்பை உறுதிசெய்ய, பெயர் பிறந்த கதையை அறிந்த குடும்பத்தினரையே நாட வேண்டியுள்ளது.

1826-இல் எழுத்துமுறை ஒழுங்குபடுத்தப்படும் முன், 'க' ஒலி 'ட' என்றும், 'ல' ஒலி 'ர' என்றும் எழுதப்பட்டதுண்டு. அக்காலக் குறிப்புகளில் காமேஹாமேஹா 'டாமேஹாமேஹா' எனவும், ஹோனலூலு 'ஹோனோரூரு' எனவும் காணப்படுகின்றன.

1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என ஆக்கப்பட்ட பின், ஹவாய் மொழி பேசுவோர் குறைந்தனர். தங்கள் பெயரின் பொருளை அறியாத தலைமுறைகள் உருவாயின. 1957-இல் மேரி காவேனா புகுவி, சாமுவேல் எல்பர்ட் ஆகியோர் வெளியிட்ட ஹவாய்–ஆங்கில அகராதி, பொருளைத் தேடுவோருக்கு இன்றும் முதன்மைத் துணையாக உள்ளது. 1978-இல் ஹவாய் மொழி, ஆங்கிலத்துடன் மாநிலத்தின் ஆட்சிமொழியாக அறிவிக்கப்பட்டது.

பெயரும் நிலமும்

குடும்பப் பெயரின் வரலாறு பூர்வகுடியினரின் நில உரிமையுடன் நேரடியாகத் தொடர்புடையது. 1850-ஆம் ஆண்டின் 'குலேயானா' சட்டத்தின்கீழ் சாதாரணக் குடியானவர்களுக்குச் சிறு நிலங்கள் வழங்கப்பட்டன. அவை மொத்த நிலப்பரப்பில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. குடும்பப் பெயர்ச் சட்டத்துக்குப் பத்து ஆண்டுகள் முன்பே வழங்கப்பட்டதால், அந்தப் பட்டயங்களில் ஒற்றைப் பெயர்களே உள்ளன. இன்றைய வாரிசு ஒருவர் அந்த ஒற்றைப் பெயருக்கும் தமக்கும் உள்ள உறவைத் தலைமுறை தலைமுறையாக நிறுவ வேண்டியுள்ளது.

ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க், காவாய் தீவில் தாம் வாங்கிய பெருநிலத்துக்குள் அமைந்த இத்தகைய சிறு நிலங்களின் உரிமையைத் தீர்மானிக்கக் கோரி 2016 டிசம்பரில் வழக்குகள் தொடுக்கச் செய்தார். கடும் எதிர்ப்பு எழுந்ததையடுத்து, 2017 ஜனவரியில் அம்முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தார்.

இளவரசர் காலானியானாஓலேயின் முயற்சியால் 1921-இல் நடைமுறைக்கு வந்த ஹவாய் குடியிருப்பு நிலச் சட்டத்தின்கீழ், ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகையில் 99 ஆண்டுகளுக்கு நிலம் குத்தகைக்கு வழங்கப்படுகிறது. விண்ணப்பதாரரின் வம்சாவளியில் குறைந்தது 50 சதவீதம் பூர்வகுடி ரத்தம் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதற்குக் குடும்பப் பெயர் மட்டும் சான்றாகாது. பிறப்பு, திருமணப் பதிவுகளைக் கொண்டு முன்னோர் வரிசையை மெய்ப்பிக்க வேண்டும். தாய்வழியில் முழு ஹவாய் மரபு கொண்ட ஒருவர் தந்தைவழியில் ஆங்கிலப் பெயரைத் தாங்கியிருக்கலாம். ஹவாய் பெயர் கொண்ட ஒருவர் நிபந்தனையை நிறைவுசெய்யாமலும் போகலாம்.

அரசியின் கையொப்பம்

பெயர் அரசியல் கருவியாகவும் பயன்பட்டது. 1893-இல் ஆட்சியிலிருந்து அகற்றப்பட்ட லிலியுவோகாலானி, 1895 ஜனவரியில் சிறைவைக்கப்பட்டு, அரியணை உரிமையைத் துறக்கும் ஆவணத்தில் கையெழுத்திட நிர்ப்பந்திக்கப்பட்டார். அதில் அவரது ஹவாய் பெயருடன், மறைந்த கணவர் ஜான் ஓவன் டோமினிஸின் குடும்பப் பெயரையும் சேர்த்து 'லிலியுவோகாலானி டோமினிஸ்' எனக் கையெழுத்திடும்படி கூறப்பட்டது. அப்படிப்பட்ட பெயரில் எவரும் இருந்ததில்லை என்று, 1898-இல் வெளியான தமது நூலில் அவர் மறுப்புத் தெரிவித்தார்.

கணினிக் கட்டத்தில் அடங்காத பெயர்

அண்மைக் காலத்திலும் இத்தகைய சிக்கல் எழுந்தது. 35 எழுத்துகளும் ஓர் ஓகினாவும் கொண்ட குடும்பப் பெயரையுடைய ஹவாய் பெண் ஒருவரின் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் முழுமையாக அச்சிடப்படவில்லை. பெயரைச் சுருக்கிக்கொள்ள அவர் உடன்படவில்லை. 2013-இல் இது செய்தியானதைத் தொடர்ந்து, முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் தலா 40 எழுத்துகள் வரை இடமளிக்கும் வகையில் மாநில அரசு கணினி அமைப்பை மாற்றியது.

2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கலப்பு வம்சாவளியினர் உள்பட அமெரிக்காவில் ஹவாய் பூர்வகுடியினர் சுமார் 6.8 லட்சம் பேர் உள்ளனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வசிக்கின்றனர். தீவுகளை விட்டு அகன்ற இக்குடும்பங்களில் பலவற்றுக்கு, பூர்விகத்துடன் எஞ்சியுள்ள தொடர்புகளில் ஒன்றாக அவர்களின் பெயர் விளங்குகிறது என்பது குறிப்பிடத்தக்கது.