ஹேங்கரைக் கூட்டுவது யார்?

லாஸ்பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு விமான நிலையம் ஒரு பக்கத்து வீடு மாதிரி. எப்போது விழித்திருக்கிறது, எப்போது தூங்குகிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவோம். 2013-ல் புது முனையம் திறந்தபோது ஊரே வந்து பார்த்தது. பிறகு சேவை வந்தது, நின்றது. 2017-ல் உடான் திட்டத்தில் மறுபடி வந்தது. விமானம் வராத நாட்களில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் ஓடுபாதை வெயிலில் சும்மா கிடக்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களில் சிலருக்கு ஒரு ஆசை வந்தது: நாமே ஒரு ஃப்ளையிங் கிளப் தொடங்கினால் என்ன?

முதல் கூட்டத்துக்குப் பதினோரு பேர் வந்தோம். யார் முதலில் பறப்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். கணக்கு எழுத யார் வருகிறீர்கள் என்று கேட்டதும் ஆளாளுக்கு மின்விசிறியைப் பார்த்தார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு நான்கு பேர். நான்காவது கூட்டம் நடக்கவில்லை.

இந்தத் தோல்விதான் என்னைப் பழைய கிளப்புகளின் வரலாற்றைத் தேட வைத்தது. அவர்களுக்கு மட்டும் எப்படி முடிந்தது?

இந்த மண்ணில் விமானம் முதலில் அமெச்சூர்களின் விளையாட்டாகத்தான் வந்தது. 1910-ல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், சிம்சன் பட்டறையில் தன் விமானத்தைக் கட்டவைத்துப் பல்லாவரத்தில் பறந்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 18 அன்று அலகாபாத்தில், ஆன்ரி பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் சுமார் 6500 கடிதங்களோடு ஆற்றைக் கடந்து நைனியில் இறங்கினார். உலகின் முதல் அதிகாரபூர்வ விமானத் தபால் அது. ஆனால் தனி மனிதர் பறந்து காட்டுவது வேறு, பத்துப் பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வருடக்கணக்கில் பறக்கும் நிலையில் வைத்திருப்பது வேறு.

இரண்டாவதைச் சாத்தியமாக்கியது டி ஹாவிலண்ட் மாத். 1925 பிப்ரவரியில் முதன்முதலாகப் பறந்த அந்த எளிய இரட்டை இறக்கை விமானத்தை, பிரிட்டிஷ் அரசு தன் ஊர் கிளப்புகளுக்குக் கொடுத்து உதவியது. அதே யோசனை இங்கேயும் வந்தது. 1927-ல் ஏரோ கிளப் உருவானது. தொடர்ந்து டெல்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா, சென்னை என்று கிளப்புகள் முளைத்தன. அரசு விமானம் கொடுத்தது, ஆண்டு மானியமும் கொடுத்தது. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா இந்தியாவின் முதல் எண் உரிமத்தை வாங்கியது பம்பாய் கிளப்பில் கற்றுத்தான். 1936-ல் சரளா தக்ரால் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத்தில் ஏறியது லாகூர் கிளப்பில்.

அந்தக் காலத்துக் கதைகளில் எனக்கு மிகப் பிடித்தது 1930-ல் நடந்தது. இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையில் தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் ஒரு பரிசு அறிவித்திருந்தார். டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். பதினேழு வயது ஆஸ்பி இன்ஜினியர் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தார். எகிப்தின் அபூகிரில் டாட்டா இறங்கியபோது, ஆஸ்பி அங்கே ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். டாட்டா தன்னிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி தன் உயிர்காப்பு ஜாக்கெட்டைப் பதிலுக்குக் கொடுத்தார். பந்தயத்தில் ஜெயித்தது ஆஸ்பி. பின்னாளில் அவரே இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

இதைப் பெருந்தன்மைக் கதையாக மட்டும் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு கிளப்பின் மொத்த இலக்கணமும் தெரிகிறது. உன் விமானம் நிற்கிறதா? என் பெட்டியில் பிளக் இருக்கிறது. பரிசு யாருக்கு என்பது அப்புறம்.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் ஒரு சிற்றூர் கிளப்பில் பல வருடம் ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தவர். பிரான்சில் கிளப்புகள் 1901-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் நடப்பவை, லாபம் கிடையாது, கற்றுத்தருபவர்களிலேயே பலர் சம்பளம் வாங்காதவர்கள். அங்கே அவர்களை பெனெவோல் என்பார்கள். 1936-ல் மக்கள் முன்னணி அரசில் விமானத்துறை அமைச்சராக இருந்த பியேர் கோ, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் பறக்க வேண்டும் என்று ஒரு திட்டமே கொண்டுவந்தார்.

எங்கள் கூட்டம் கலைந்த கதையை அவரிடம் சொன்னேன்.

"வருஷத்துக்கு எத்தன மணி நேரம் பறக்கப் போறீங்கன்னு கணக்குப் போட்டீங்களா தம்பி?"

"இல்லீங்க ஐயா."

"அப்ப ஒண்ணுமே போடல."

அவர் விளக்கியது இதுதான். விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் செலவு வைக்கும். ஹேங்கர் வாடகை, காப்பீடு, பொறியாளர் சம்பளம், ஆண்டுச் சோதனை. இதையெல்லாம் பறந்த மணிகளால் வகுத்தால் வருவதுதான் ஒரு மணிக்கான கட்டணம். உறுப்பினர்கள் குறைவாகப் பறந்தால் கட்டணம் ஏறும். ஏறினால் இன்னும் குறைவாகப் பறப்பார்கள். இந்தச் சுழலில் சிக்கிய கிளப் மீள்வது கஷ்டம். போதாததற்கு இன்ஜினைப் பொதுவாக 2000 மணிக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துக் கட்ட வேண்டும். அதற்கான பணத்தை முதல் மணியிலிருந்தே எடுத்து வைக்காத பொருளாளர், பின்னால் வருகிறவர் தலையில் கடனை ஏற்றுகிறார்.

தன்னார்வத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. விமானத்தைக் கழுவலாம், கூட்டலாம், கணக்கு எழுதலாம். ஆனால் 'இது பறக்கத் தகுதியானது' என்று கையெழுத்துப் போட உரிமம் பெற்ற பொறியாளர்தான் வேண்டும். அந்தக் கையெழுத்தை அன்பினால் வாங்க முடியாது. நம் ஊருக்கு இன்னொரு சிக்கல், கடல். உப்புக்காற்று அலுமினியத்தைத் தின்னும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பறக்காமலே நிறுத்தி வைத்தால் சிலிண்டரின் உட்சுவரில் துரு ஏறும்.

நம் பழைய கிளப்புகளில் இந்தக் கணக்கின் பெரும்பகுதியை அரசு சுமந்தது. ஏன் சுமந்தது? அதற்கு விமானிகள் தேவைப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போர் வந்ததும் விமானப்படை ஆள் தேடியது இந்தக் கிளப்புகளில்தான். டெல்லி கிளப்பில் கற்ற மொகிந்தர் சிங் புஜ்ஜி 1940-ல் பிரிட்டனுக்குப் போய்ப் போர் விமானம் ஓட்டினார். பொழுதுபோக்குக்கென்று கொடுத்த மானியத்தை அரசு போரில் வட்டியோடு வசூலித்துக்கொண்டது என்றுகூடச் சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் மானியத்தில் கிளப்புகள் ஓடின. ஆனால் ஆதரவு குறையக் குறைய, கட்டணம் கட்ட வந்தவர்கள் வேறு மாதிரியானவர்கள். சொந்தமாகப் பறக்க 40 மணி நேர அனுபவம் போதும். வேலைக்கு வேண்டிய உரிமத்துக்கு 200 மணி. 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கிய அலையில் விமானி வேலைக்குக் கிராக்கி ஏற, 200 மணிக்காரர்களே எல்லா இடத்தையும் நிரப்பினார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நகையை அடகு வைத்துப் படிக்க வந்த பையன் ஹேங்கரைக் கூட்டுவானா? அவன் வாடிக்கையாளன். 200 மணி முடிந்ததும் போய்விடுவான். கிளப் என்ற பலகை அப்படியே இருக்க, உள்ளே பள்ளிக்கூடம் நடந்தது. மீனம்பாக்கம் போன்ற இடங்களில் பெரிய விமானங்கள் பெருகியபோது, சின்ன விமானம் வரிசையில் காத்து நின்றது. நிற்கும்போதும் எரிபொருள் எரியும். அந்த மணிக்கும் பணம் கட்டியவன் மாணவன்தான்.

ஆகவே 'நம்மவர்களுக்குத் தன்னார்வம் போதாது' என்று சுலபமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கோயில் திருவிழாவுக்கும் நூலகத்துக்கும் உழைக்கிற ஊர்தான் இது. மானியத்தில் பிறந்த கிளப்புகளுக்கு உறுப்பினரின் உழைப்பில் வாழும் பழக்கம் வருவதற்கு முன்பே மானியம் வற்றிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது. பிரான்சிலும் அரசு உதவியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துடைப்பம் எடுக்கிறவரை அங்கே யாரும் பணியாளாகப் பார்க்கவில்லை.

போன வாரம் பெரியவரிடம், மறுபடி முயற்சி செய்யலாமா என்று கேட்டேன். ஓடுபாதைப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"பறக்குறதுக்கு எத்தன பேருன்னு எழுதாதீங்க தம்பி. கூட்டுறதுக்கு எத்தன பேருன்னு எழுதிக்கிட்டு வாங்க."

காகிதத்தில் இதுவரை இரண்டு பெயர் இருக்கிறது. ஒன்று என்னுடையது, இன்னொன்று அவருடையது.