பத்தரை றாத்தல் ஓடம்



சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய 'மார்ட்டின் சஸில்விட்' நாவலைப் படித்தவர்கள் அதில் வரும் சேரி காம்ப் என்னும் வயோதிபத் தாதியை மறந்திருக்க மாட்டார்கள். கையில் குடையும் வாயில் ஜின் வாடையுமாக நோயாளர் வீடுகளுக்குப் போய்வரும் அந்த அம்மாளின் பெயர், 1883ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சிற்றோடத்துக்குச் சூட்டப்பட்டது. மதுவை விரும்பும் அந்த அம்மாள் தண்ணீர் எடுக்கமாட்டார், என் ஓடமும் தண்ணீர் எடுக்காது என்பது பெயர் வைத்தவர் சொன்ன வேடிக்கை. பெயர் வைத்தவரோ சப்பாத்துத் தைத்துப் பிழைத்த ஒரு தொழிலாளி.

இலக்கியத் தொடரில் ஓடத்துக்கு என்ன அலுவல் என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தொழிலாளி ஒரு கவிஞர், கட்டுரையாளர். அவர் எழுதிய பயணக் கட்டுரைகளால்தான் அந்த ஓடம் இன்றும் பேசப்படுகிறது.

அவர் பெயர் ஜோர்ஜ் வொஷிங்டன் சியர்ஸ். 1821இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்தவர். பால் மணம் மாறாத வயதிலேயே பஞ்சாலையில் வேலைக்கு விடப்பட்டார். அந்நாளில் அவ்வூர்ப் பக்கம் வாழ்ந்த பூர்வகுடி மனிதர் ஒருவர் சிறுவனைக் காட்டுக்கும் ஏரிக்கும் அழைத்துச் சென்று மீன்பிடியும் வனவாழ்வும் கற்பித்தார். அந்த ஆசானின் பெயரையே பிற்காலத்தில் சியர்ஸ் தமது புனைபெயராக வைத்துக்கொண்டார்: நெஸ்மக். வாலிபத்தில் திமிங்கில வேட்டைக் கப்பலில் சேர்ந்தார். பின்னர் பென்சில்வேனியாவிலுள்ள வெல்ஸ்பரோ என்ற ஊரில் குடியமர்ந்து தகப்பனின் தொழிலான சப்பாத்துத் தைத்தலைச் செய்தார். முதுமை நெருங்கும்போது சுவாச நோய் பிடித்தது. ஐந்தடிக்குச் சற்றே மேலான உயரம், ஏறக்குறைய 110 றாத்தல் எடை. கையில் காசும் கிடையாது.

இப்படிப்பட்டவர் போக விரும்பிய இடம் நியூயோர்க் மாநிலத்தின் வடக்கேயுள்ள அடிரொண்டாக் மலைக்காடு. பொஸ்ரன் நகரத்து மதகுரு வில்லியம் மறே என்பவர் 1869இல் அக்காட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அங்கு வீசும் காற்று சயரோகத்தையும் தீர்க்கும் என்று அதில் அவர் எழுதிவிட, பட்டணத்துச் சனம் திரள்திரளாகப் புறப்பட்டது. விடுதிகள் முளைத்தன.

அக்காட்டின் அமைப்பை இங்கே சொல்லவேண்டும். ஏரிகளும் ஓடைகளும் சங்கிலிபோலத் தொடர்கின்றன. ஆனால் ஒரு ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையில் சில இடங்களில் ஒரு கூப்பிடு தூரம், சில இடங்களில் மைல் கணக்கான தரை. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த என்போன்றோருக்கு ஓடமென்றால் நம்மைச் சுமப்பது. நமது தோணிக்காரர் மாலையில் அதைக் கரையில் கட்டிவிட்டு வீடு போவார். அடிரொண்டாக்கிலோ மனிதன் ஓடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக் காட்டுப் பாதையில் நடக்கவேண்டும்.

அங்கே வழங்கிய வழிகாட்டிகளின் படகு பதினாறு அடி நீளம். எடை அறுபது எழுபது றாத்தல். அதைச் சுமக்கத் திடகாத்திரமான வழிகாட்டி தேவை. அவருக்கு நாட்கூலி இரண்டரை டொலர் என்று மறே எழுதிவைத்தார். பட்டணத்துக் கனவான் பின்னணியத்தில் சாய்ந்திருப்பார்; வழிகாட்டி வலிப்பார், சுமப்பார், சமைப்பார். மீன் மட்டும் கனவானுடைய தூண்டிலில் படும். சப்பாத்துத் தைப்பவரால் அந்தக் கூலியைக் கொடுக்க முடியாது; நோயாளியால் அந்தப் படகைத் தூக்கவும் முடியாது. அதாவது, காட்டுக் காற்று எவருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவருக்கு அந்தக் காடு மூடியிருந்தது. ஓடத்தின் எடை என்ற சங்கதி பொழுதுபோக்கு வரலாற்றின் துணுக்கு மட்டுமல்ல என்று நான் நினைப்பது இதனாலேதான்.

அக்காலத்தில் ஓடம் ஓட்டும் விளையாட்டுக்குப் பேர்போனவர் ஸ்கொட்லாந்துக்காரரான ஜோன் மக்கிறகர். 1865இல் அவர் ஐரோப்பிய ஆறுகளில் செலுத்திய 'றொப் றோய்' பதினைந்தடி நீளமும் எண்பது றாத்தல் எடையும் கொண்டது. அவர் தம் ஓடத்தைப் புகையிரதத்திலும் வண்டியிலும் ஏற்றிச் செல்லக்கூடியவர். நெஸ்மக் வேறு கணக்குப் போட்டார். ஓடம் எவ்வளவு ஏற்றும் என்று கேட்கவில்லை. நான் எவ்வளவு தூக்குவேன் என்று கேட்டார்.

அக்கேள்வியோடு அவர் கடிதம் எழுதியது கன்ரன் என்ற ஊரில் இருந்த ஜே. ஹென்றி றஷ்டன் என்னும் ஓடம் கட்டுபவருக்கு. 1843இல் பிறந்த றஷ்டன் முன்பு ஒரு சப்பாத்துக் கடையில் சிப்பந்தியாக நின்றவர். தேகசுகம் கருதிக் காட்டுக்குப் போகவென்று 1873இல் தமக்காக ஒரு படகு செய்தார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்க, அதுவே தொழிலாயிற்று. சப்பாத்துத் தைப்பவரும் சப்பாத்து விற்றவரும் கூடிச் செய்த வரலாறு என்று இதைச் சொல்லிச் சிரிக்கலாம். அளவு பார்த்துச் செய்யவேண்டும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

1880இல் நெஸ்மக்குக்கு றஷ்டன் அனுப்பிய முதல் ஓடம் பத்தடி நீளம். எடை பதினெட்டு றாத்தலுக்குச் சற்றுக் குறைவு. அடுத்தது பதினாறு றாத்தல். அதற்கு 'சூசன் நிப்பர்' என்று பெயர். அதுவும் டிக்கன்ஸின் பாத்திரம், 'டொம்பி அன்ட் சன்' நாவலில் வருபவள். மூன்றாவதுதான் 'சேரி காம்ப்'. நீளம் 9 அடி, அகலம் 26 அங்குலம், எடை பத்தரை றாத்தல்! வெண்சிடார் மரத்தை மெல்லிய பலகைகளாகச் சீவி, விளிம்பின்மேல் விளிம்பு படியுமாறு இணைத்து, உள்ளே ஒடுங்கிய வளைகால்களை நெருக்கமாக வைத்துக் கட்டியது. இதற்குமேல் சிறிதாகக் கேட்காதீர், பிடிக்காவிட்டால் இதைச் சூப்புக் கோப்பையாக வைத்துக்கொள்ளும் என்ற கருத்தில் றஷ்டன் எழுதியனுப்பினாராம்.

அந்தச் சூப்புக் கோப்பையில் அமர்ந்து, 61 வயதான நோயாளி 1883ஆம் ஆண்டுக் கோடையில் 266 மைல் பயணஞ் செய்தார். ஆசனம் இல்லை, அடித்தளத்திலேயே தாழ இருந்து, இருபுறமும் தட்டையான சவளால் மாறி மாறி வலித்தார். வழிகாட்டி எவருமில்லை. ஓடம், மாற்றுடை, போர்வை, இரண்டு நாள் உணவு, கைக்கோடரி, தூண்டில் யாவும் சேர்ந்தே 26 றாத்தலைத் தாண்டாது என்று அவர் கணக்கு எழுதிவைத்தார். 'ஃபொரஸ்ட் அன்ட் ஸ்ட்ரீம்' என்ற சஞ்சிகையில் அவருடைய பயணக் கட்டுரைகள் வெளிவந்தன. 1884இல் 'வுட்கிறாஃப்ட்' என்ற நூல் வந்தது. பணச் செருக்கில்லாத, நகைச்சுவை இழையோடும் அந்த எழுத்தில் காட்டைப் பற்றிய வர்ணனையைவிட, குறைந்த சாமானோடு எப்படிச் சௌகரியமாக இருக்கலாம் என்ற ஆலோசனையே கூடுதலாக உண்டு. அவருடைய கவிதைத் தொகுதி 1887இல் வெளிவந்தது. அவருடைய உரைநடையே கவிதையிலும் உயர்ந்தது என்பது என் எண்ணம்.

இனி, இந்தச் சிற்றோடத்தை எல்லோரும் வாங்கலாமா? ஓடத்தின் இலக்கணம் அதற்கு இடங்கொடாது. நீளம் குறைந்தால் இலகுவில் திரும்பும். ஆனால் நேராக ஓடாது, வேகமும் குறையும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், வலிப்பது கடினமாகும். எடை குறைந்த ஓடத்தைப் பெரிய ஏரியின் எதிர்காற்று சருகுபோல ஒதுக்கிவிடும். தூண்டில்காரனுக்கு இன்னொரு சிக்கல்: மீன் கொத்தியதும் ஒரு கை தூண்டிலில், மறுகை சவளில். ஓடம் அந்நேரத்தில் தன் பாட்டில் நிற்கவேண்டும். ஓடைகளிலும் சிறு குளங்களிலும் காலை போய் மாலை திரும்புபவனுக்கு ஒன்பது பத்து அடி போதும். துணைக்கு ஒருவரையோ நாயையோ ஏற்றினால் போதாது. 110 றாத்தல் மனிதனுக்கு அளவெடுத்த 'சேரி காம்ப்'பில் இருநூறு றாத்தல்காரர் இருந்தால் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் அதிகம் மிஞ்சாது.

நெஸ்மக்கையும் றஷ்டனையும் எடை குறைந்த ஓடத்தின் பிதாக்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. மிலாறு என்னும் பூர்ச்சமரத்தின் பட்டையை உரித்து, வேர்நாரால் தைத்து, பிசின் பூசி, தோளில் தூக்கிச் செல்லக்கூடிய ஓடத்தை அந்நிலத்தின் பூர்வகுடிகள் வெள்ளையர் வருமுன்பே செய்தார்கள். 'கனூ' என்ற சொல்லே கரீபியன் தீவுகளின் தைனோ மக்களுடையது. கொலம்பசின் ஆட்கள் அதை எடுத்துச் சென்றார்கள். சொல் உலகமெங்கும் பரவியது; சொல்லுக்குரிய மக்கள் நோயாலும் அடிமைத்தனத்தாலும் பெரும்பாலும் அழிந்தார்கள். நமது 'கட்டுமரம்' ஆங்கிலத்தில் 'கற்றமறான்' ஆகி, கட்டுமரமே அல்லாத இரட்டை உடற் படகைக் குறிப்பதும் நினைவுக்கு வருகிறது. நெஸ்மக் தம் ஆசானின் பெயரையாவது தலைப்பில் வைத்தார்.

அதே மலைக்காட்டில் 1944இல் விடுமுறைக்குப் போன வில்லியம் ஹொஃப்மன், கித்தான் போர்த்திய மர ஓடம் ஒன்றைச் சுமந்து களைத்தார். அவர் குறூமன் விமானக் கம்பனியின் உயர் அதிகாரி. யுத்த விமானத்தின் அலுமினியத் தகட்டால் ஏன் ஓடம் செய்யக்கூடாது என்று யோசித்தார். யுத்தம் முடிந்ததும் 13 அடி ஓடம் 38 றாத்தல் எடையில் வந்தது. உடையாது, உக்காது, சாதாரண குடும்பங்களும் ஓடம் வைத்துக்கொண்டன. ஆனால் வெயிலில் சுடும். சவள் பட்டால் தகரம்போல ஒலித்து மீனை எழுப்பும். பிறகு 1965இல் ஸ்டெபனி குவோலெக் என்ற இரசாயன விஞ்ஞானி கண்டுபிடித்த இழையிலிருந்து கெவ்லார் வந்தது. துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும் அங்கிக்குப் பயன்படும் அந்த இழையால் இப்போது பதினைந்து இருபது றாத்தல் ஓடங்கள் செய்யப்படுகின்றன. அவற்றுள் சில 'சேரி காம்ப்'பின் வடிவைப் பின்பற்றியவை.

நெஸ்மக் 1890இல் வெல்ஸ்பரோவில் காலமானார். 'சேரி காம்ப்' ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் சொத்தாயிற்று. அடிரொண்டாக்கின் புளூ மவுண்டன் ஏரியருகே உள்ள நூதனசாலைக்கு இரவலாகவும் வந்தது. அவர் போன நீர்வழியிலேயே மறுபடி சென்று கிறிஸ்ரின் ஜெரோம் என்ற எழுத்தாளர் 1994இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர் தோளில் சுமந்து சென்றது ஒரு கெவ்லார் ஓடம்.