விண்வெளியில் மோதிய 2 செயற்கைக்கோள்கள்... சிதறல்கள் எந்தப் பக்கம் போச்சு? கேரம் போர்டு சொல்லும் கணக்கு!

2009 பிப்ரவரி 10. இந்திய நேரப்படி இரவு சுமார் 10.26 மணி. ரஷ்யாவின் சைபீரியாவுக்கு மேலே 789 கி.மீ. உயரத்தில் 2 செயற்கைக்கோள்கள் மோதி நொறுங்கின. ஒன்று, இயங்கிக் கொண்டிருந்த அமெரிக்காவின் இரிடியம்-33. இன்னொன்று, எப்போதோ செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மோஸ்-2251. முழு செயற்கைக்கோள்கள் இரண்டு தற்செயலாக மோதியது வரலாற்றில் அதுதான் முதல் முறை.

பலரும் நினைப்பதுபோல இது நேருக்கு நேர் மோதல் இல்லை. நாற்சந்தியில் குறுக்கே வந்து இடிக்கும் வண்டி மாதிரி, கிட்டத்தட்ட செங்கோணத்தில் நடந்த மோதல். இங்கேதான் இரு பரிமாண உந்தம் வருது.

உந்தம்னா என்ன?

நிறையை திசைவேகத்தால் பெருக்கினால் உந்தம். வெளியிலிருந்து விசை இல்லாத வரை, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. பள்ளியில் படித்ததுதான். ஆனால் திசையை விட்டுட்டா கணக்கு தப்பாயிடும். கேரம் காயின் ஓரத்தில் ஸ்ட்ரைக்கர் பட்டால் காய் ஒரு பக்கம், ஸ்ட்ரைக்கர் மறுபக்கம் விலகும். பக்கவாட்டு உந்தம் முதலில் பூஜ்ஜியம், அதனால் பிறகும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டியே ஆகணும். நேர் திசைக்கு ஒரு கணக்கு, பக்கவாட்டுக்கு ஒரு கணக்கு. அவ்வளவுதான் விஷயம்.

ஒட்டிக்கொண்டிருந்தால்?

இரிடியம் சுமார் 560 கிலோ, காஸ்மோஸ் சுமார் 950 கிலோ. இரண்டுக்கும் வேகம் நொடிக்கு சுமார் 7.5 கி.மீ. உந்தம் முறையே 4,200, 7,125. கோணம் சரியாக 90 டிகிரி என்று வைத்துக்கொண்டால், இவற்றைக் கூட்டி 11,325 என்று சொல்லக்கூடாது. பித்தாகரஸ் தேற்றப்படி சுமார் 8,270தான் வரும். இதை மொத்த நிறையான 1,510 கிலோவால் வகுத்தால் நொடிக்கு சுமார் 5.5 கி.மீ. அந்த உயரத்தில் சுற்றிவர 7.5 கி.மீ. வேண்டும். அதாவது, இரண்டும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தால் பூமியை நோக்கி விழுந்து தொலைந்திருக்கும். தொல்லை விட்டது!

ஆனால் நடந்தது வேறு. உண்மையான கோணம் 90 டிகிரியைவிடக் கொஞ்சம் அதிகம் என்பதால், ஒன்றுக்கொன்று சார்பான வேகம் நொடிக்கு 11.7 கி.மீ. சில மீட்டர் நீளமுள்ள பொருட்கள் ஒரு மில்லி நொடிக்குள் ஒன்றையொன்று கடந்துவிடும் வேகம் இது. நேரடியாக உரசிய பாகங்கள்தான் உந்தத்தை அதிகம் பரிமாறிக்கொண்டன. மற்ற துண்டுகள் பெரும்பாலும் பழைய திசையிலேயே தொடர்ந்து பறந்தன. அதனால்தான் ஒரு குப்பை மேகத்துக்குப் பதில், ஒவ்வொரு செயற்கைக்கோளின் பழைய பாதையிலும் ஒன்றாக 2 மேகங்கள் உருவாகின.

கண்காணிக்க முடிந்த அளவில் பெரிய துண்டுகள் மட்டும் 2,000-க்கும் மேல். இந்த உயரத்தில் காற்று மிக மிகக் குறைவு என்பதால் இவை கீழே இறங்க பல ஆண்டுகள், சிலவற்றுக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். மோதல் நடந்த அன்று வெளியான ஒரு கணிப்பு, இரண்டும் சுமார் 584 மீட்டர் இடைவெளியில் கடந்து போகும் என்றே சொல்லியிருந்தது.