நோக்குக்கூடம்

நோக்குக்கூடம் என்பது தொலைநோக்கி முதலிய கருவிகளை நிலையாக நிறுவி, வான்பொருள்களைத் தொடர்ந்து கண்காணித்துப் பதிவு செய்யும் இடமாகும். பின்னாளில் வானிலை, புவிகாந்தம், அணுத்துகள்கள் ஆகியவற்றை அளக்கும் நிலையங்களும் இப்பெயர் பெற்றன.

தமிழகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய கூடத்தில், விண்மீன்கள் உச்சியைக் கடக்கும் நேரத்தைத் தொலைநோக்கியால் குறித்து, நில அளவைக்கும் கப்பலோட்டத்துக்கும் உதவும் கணக்குகளைத் தந்தனர். அங்குப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1899இல் போடிநாயக்கனூருக்கு வடகிழக்கேயுள்ள கொடைக்கானலில் நிறுவப்பட்ட கூடம், தெளிந்த மலைவானத்தை நாடிச் சூரியனை ஆராய்வதற்கென அமைந்தது.

தெளிவானம் தேவையற்ற நோக்குதல், கோலார் தங்கச்சுரங்கத்தில் 2 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் தொடங்கியது. எதிரெதிராக நின்ற இரு உணர்கருவிச் சுவர்களும் ஒரே கணத்தில் துடித்தால், துகள் ஒன்று பக்கவாட்டில் ஊடுருவிச் சென்றதெனக் கொள்ளப்பட்டது; வந்த திசையைக் காட்டியதால் வில்லையோ ஆடியோ இல்லாத அவ்வமைப்பையும் இயற்பியலார் தொலைநோக்கி என்றே அழைத்தனர். வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ, அதாவது மின்னூட்டமற்று எப்பொருளையும் எளிதில் கடந்துசெல்லும் நுண்துகள், 1965இல் அங்குப் பதிவாயிற்று.

இப்பொருள்விரிவின் அடுத்த கட்டமே, ஏலமலைச் சரிவை ஒட்டிய போடி மேற்கு மலைகளில், பொட்டிபுரத்தை அடுத்துள்ள அம்பரப்பர் மலைக்காகத் திட்டமிடப்பட்ட இந்திய நியூட்ரினோ நோக்குக்கூடம். நாளேடுகள் இதனை நியூட்ரினோ ஆய்வகம் என்றே பெரிதும் எழுதுகின்றன. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதையின் முடிவில், பிற விண்துகள்களைப் பாறை தடுத்துவிடும் ஆழத்தில், 50,000 டன் காந்தமேற்றிய இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே வாயு நிரப்பிய கண்ணாடி உணர்கருவிகளைச் செருகுவது திட்டமாகும். நியூட்ரினோ இரும்பில் மோதி எழுப்பும் மியூவான் என்னும் மின்னூட்டமுள்ள துகள் காந்தப்புலத்தில் எப்பக்கம் வளைகிறது என்பதைக்கொண்டு, வந்தது நியூட்ரினோவா எதிர்நியூட்ரினோவா எனப் பிரித்தறியலாம்.

முதலில் நீலகிரியின் சிங்காரா தேர்வாகி, முதுமலைப் புலிகள் காப்பகத்தை முன்னிட்டுக் கைவிடப்பட்டது. 2015 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை பொட்டிபுரத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபின், நீர்வளமும் காடும் பாதிக்கப்படும் என எதிர்ப்பு வலுத்தது. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்திவைத்த சுற்றுச்சூழல் அனுமதி 2018இல் மீண்டும் வழங்கப்பட்டபோதும், அவ்விடம் மதிகெட்டான், பெரியாறு காடுகளை இணைக்கும் புலிவழி எனக் கூறித் தமிழ்நாடு அரசு 2022இல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்புத் தெரிவித்தது. இதற்கிடையே, 85 டன் எடையுள்ள முன்மாதிரிக் கருவி மதுரையில் அமைக்கப்பட்டு, விண்ணிலிருந்து வரும் மியூவான்களைப் பதிவு செய்தது.