தீயணைப்புத் தண்ணீர் லாரி: ஓட்டமும் இயக்கமும்

தீப்பற்றிய இடத்துக்கு நீரைச் சுமந்து சென்று, அங்கே தானே பீய்ச்சவோ மற்ற வண்டிகளுக்கு நிரப்பிக் கொடுக்கவோ பயன்படும் கனரக ஊர்தி தீயணைப்புத் தண்ணீர் லாரி. துறைக்குள் இதன் சிறிய வகையை வாட்டர் டெண்டர் என்றும் பெரிய வகையை வாட்டர் பவுசர் என்றும் சொல்வார்கள். ஊராருக்கு இரண்டுமே பயர் இன்ஜின்தான். தெருவில் தீயணைப்புக் குழாய் இல்லாத கிராமங்களில் வண்டி கொண்டுவரும் தண்ணீர்தான் முதல் சில நிமிடங்களின் தண்ணீர். வண்டி வழியில் கவிழ்ந்தால் அதுவும் இல்லை. கவிழ்ந்த வண்டியிலிருந்து ஆட்களை மீட்க இன்னொரு வண்டி வேறு வேண்டும்.

தவளக்குப்பம் வட்டாரம்

இத்தகைய வண்டி ஓடும் ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். தவளக்குப்பம் புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்தது. நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தெற்கே, கடலூர் சாலையில் உள்ளது. நகரிலிருந்து புறப்படும் வண்டி அரியாங்குப்பம் ஆற்றையும், நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றையும் பாலங்கள் வழியே கடந்தாக வேண்டும். இரண்டில் ஒன்றில் நெரிசல் என்றால் சுற்றுவழிதான். தவளக்குப்பம் சந்திப்பில் கிழக்கே நல்லவாடு என்ற மீனவர் ஊருக்கும், மேற்கே அபிஷேகப்பாக்கத்துக்கும் சாலை பிரிகிறது. நேர் தெற்கே போனால் கிருமாம்பாக்கம். அதற்கு மேற்கே பாகூர் ஏரியும் அது பாயும் நெல்வயல்களும்.

இந்த வட்டாரத்தில் எரிபவை கீற்றுக் கொட்டகை, வைக்கோல் போர், கரும்புக் கொல்லை, கடலோரத்தில் வலைகள். ஓட்டுநருக்குக் குறுக்கே வருபவை வேறு: சாயம் பூசாத வேகத்தடை, தாழத் தொங்கும் மின்கம்பி, ஊர் முகப்பில் கட்டிய அலங்கார வளைவு, சாலையிலேயே காயப்போட்ட நெல்லும் உளுந்தும், ஞாயிற்றுக்கிழமை மாலையில் புதுச்சேரியிலிருந்து ஊர் திரும்பும் இருசக்கர வண்டிக் கூட்டம். கடைசியாகச் சொன்னது எந்தக் கையேட்டிலும் இருக்காது.

தொட்டிக்குள் அலை

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 4,500 லிட்டர் தொட்டியில் நாலரை டன், 12,000 லிட்டர் பவுசரில் 12 டன். மணல் லாரியும் இதே எடையைச் சுமக்கும். ஆனால் மணல் போட்ட இடத்தில் கிடக்கும். தண்ணீர் கிடக்காது. பிரேக் அடித்தால் முன்னே பாய்கிறது; வண்டி நின்ற பிறகு ஒரு முறை தள்ளுகிறது. ஈரச் சாலையில் நின்றுவிட்ட வண்டி அந்தத் தள்ளலில் மறுபடி சில அடி நகரக்கூடும். வளைவில் தண்ணீர் வெளிப்பக்கச் சுவரில் ஏறி, வண்டியின் எடைமையத்தையே ஓரத்துக்கு இழுத்துச் செல்கிறது.

இதைக் கட்டுப்படுத்தத் தொட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டையிட்ட தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். அவை அலையை உடைக்கும், ஒழிக்காது. தொட்டி முழுக்க நிரம்பியிருந்தால் நீர் அசைய இடமில்லை. காலியாக இருந்தால் அசைய நீரே இல்லை. ஆபத்து பாதித் தொட்டியில் இருக்கிறது. அனுபவமில்லாதவர் பாதி குறைந்தால் பாரமும் பாதி, இனி இலகுவாக ஓட்டலாம் என்று நினைப்பார். அது தலைகீழான கணக்கு. பாதித் தொட்டியோடு வேகமாகத் திரும்புவதைவிட, நிரப்பிக்கொண்டோ வடித்துவிட்டோ புறப்படுவதே முறை. குடிதண்ணீர் லாரியாகப் பிறந்து அவசரத்துக்குத் தீயணைப்புக்கு அழைக்கப்படும் வண்டிகளில், உள்ளே தகடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேகத்தின் கணக்கு இரக்கமற்றது. 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 40 கிலோமீட்டரில் கடந்தால், வண்டியை வெளியே தள்ளும் விசை அதன் எடையில் கால் பங்கு. அதே வளைவில் 60 கிலோமீட்டர் என்றால் அது எடையில் பாதிக்கும் மேல். உயரமான தொட்டி வண்டி பலவும் அந்தப் பாதியை எட்டும் முன்பே சாய்ந்துவிடும். அந்த வேகத்தால் மிச்சமாவது என்ன? 8 கிலோமீட்டரை 60-இல் 8 நிமிடம், 40-இல் 12 நிமிடம். நாலு நிமிடம் பெரிதுதான், கீற்றுக் கொட்டகைக்கு மிகப் பெரிது. ஆனால் அந்த நாலு நிமிடத்தை வளைவில் தேடக்கூடாது. நேர்ச்சாலையிலும், மணி அடித்த ஒரு நிமிடத்துக்குள் நிலையத்தைவிட்டுக் கிளம்புவதிலும் தேட வேண்டும்.

இடது சக்கரம்

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2003-இல் தண்ணீர் லாரிகளுக்கென்றே ஒரு தனிக் கையேடு வெளியிட்டது. அங்கே வண்டிகளின் எண்ணிக்கையில் மிகச் சிறிய பங்கே உள்ள இவை, வாகன விபத்தில் இறக்கும் தீயணைப்பாளர் எண்ணிக்கையில் பெரும்பங்கு வகித்ததே அதற்குக் காரணம். அக்கையேடு முதன்மையாகச் சுட்டிய காரணங்களில் ஒன்று, வலது சக்கரங்கள் தார் விளிம்பைவிட்டு இறங்குவது. இடப்பக்கம் ஓட்டும் நமக்கு அது இடது சக்கரம்.

பாகூர் ஏரிக்கரையை ஒட்டிய ஒற்றைச் சாலைகளில் இது நாள்தோறும் நேரக்கூடியது. எதிரே கரும்பு ஏற்றிய டிராக்டர் வருகிறது, வழிவிட ஒதுங்குகிறோம், இடது சக்கரம் மண்ணில் இறங்குகிறது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரை அடிப் பள்ளம். பதற்றத்தில் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினால் சக்கரம் விளிம்பில் உரசி உரசி நின்று, திடீரென ஏறி, வண்டியைச் சாலைக்குக் குறுக்கே எறியும். உள்ளே இருக்கும் தண்ணீர் மிச்ச வேலையை முடிக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்து, வேகம் நடைவேகத்துக்கு இறங்கிய பின் மெல்ல ஏறுவதே சரி. ஏற முடியாவிட்டால் நின்றுவிடலாம். 2024 நவம்பர் 30-இல் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையிலும், அடுத்து வந்த தென்பெண்ணை ஆற்று வெள்ளத்திலும் இந்தப் பகுதி மூழ்கியது. அப்படி ஊறிய கரைகள் நெடுநாள் மெத்தென்றே இருக்கும். மேலே காய்ந்த மண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

சைரனும் சட்டமும்

2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், அவசர ஊர்திகளுக்குச் சிவப்பு விளக்கைத் தாண்டவும் வேக வரம்பை மீறவும் இடம் தருகின்றன. கூடவே, உரிய கவனத்தோடு என்ற நிபந்தனையும் உண்டு. முன்னுரிமை வரிசையில் முதலிடம் தீயணைப்பு வண்டிக்கு, அதன் பிறகே ஆம்புலன்ஸ். வழிவிட மறுப்பவருக்கு 2019 திருத்தத்தில் வந்த 194இ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, பத்தாயிரம் ரூபாய் அபராதமோ, இரண்டுமோ.

சைரன் உரிமை கேட்கும் ஓசை. வாங்கித் தரும் ஓசை அல்ல. கண்ணாடி ஏற்றி, ஏசி போட்ட காருக்குள் அது தாமதமாகவே கேட்கும். ஆகவே தவளக்குப்பம் போன்ற சந்திப்பில் வண்டி ஏறக்குறைய நின்று, எல்லாப் பக்கமும் வாகனங்கள் நின்றதைக் கண்ணால் கண்ட பிறகே நகர வேண்டும். பின்னாலேயே இரண்டாவது வண்டி வரும்போது ஆபத்து கூடும்; ஒன்று போய்விட்டது என்று மக்கள் சாலையில் இறங்கிவிடுவார்கள். வண்டியில் உள்ளவர் அனைவரும் சீட் பெல்ட் போட வேண்டும். பின்படியில் தொற்றிக்கொண்டு போவது பழைய படங்களோடு போகட்டும்.

தீ இடத்தில்

வண்டியைக் காற்று வரும் திசையில், மின்கம்பிக்குக் கீழே இல்லாமல், திரும்பிப் போக வாட்டமாக நிறுத்த வேண்டும். கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகே பம்பை இணைக்க வேண்டும். பின்னே நகர்த்தும்போது ஒருவர் இறங்கி, ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி நின்று வழி சொல்ல வேண்டும்; அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சினால் 4,500 லிட்டர் பத்து நிமிடத்தில் தீரும். அதற்குள் அடுத்த தண்ணீர் எங்கே என்பது முடிவாகியிருக்க வேண்டும். குளமோ, ஏரியோ, கிணறோ இருந்தால் உறிஞ்சுகுழாய் இறக்கலாம். காற்றழுத்தம் தூக்கித் தரும் உயரம் கோட்பாட்டில் 10 மீட்டர். நடைமுறையில் ஏழு மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. கோடையில் கிணற்று நீர் அதற்கும் கீழே போனால் அந்தக் கிணறு தீயணைப்புக்கு இல்லை. வடிகட்டியின் வாய் சேற்றில் புதையாமல் பார்ப்பதும் ஒரு வேலை.

நிலையத்தில்

தீயணைப்பு வண்டி குறைவாகவே ஓடுகிறது. நின்றபடியே முதுமை அடைகிறது. டயரின் பூ தேயாமல் புதிதுபோல் இருக்கும், ரப்பர் மட்டும் இறுகி வெடித்திருக்கும். தொட்டி எந்நேரமும் நிரம்பியிருப்பதால் ஸ்பிரிங் பட்டைகள் ஓயாமல் பாரம் தாங்கித் தளர்கின்றன. ஏர் பிரேக்கில் இரவில் காற்று கசிந்தால், காலையில் அழுத்தம் ஏறும் முன் கிளம்பக்கூடாது. அந்தத் தாமதத்தைத் தவிர்க்க, கசிவை முந்தின நாளே சரிசெய்திருக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. கிலோமீட்டரைக் காட்டி வண்டி இளசு என்று இனி வாதிட முடியாது.

ஊரார் செய்யக் கூடியதும் உண்டு. 101-க்கு அழைப்பவர் ஊர்ப் பெயரோடு நிறுத்தாமல், பெரிய வண்டி நுழையுமா, ஊர் முகப்பு அலங்கார வளைவு எவ்வளவு உயரம், பக்கத்தில் தண்ணீருள்ள குளம் எது என்பதையும் சொல்லுங்கள். ஒருவர் கடலூர் சாலைச் சந்திப்பில் போய் நின்று கை காட்டுங்கள். சைரன் கேட்டால் இடப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். முதல் வண்டி போன பிறகும் கொஞ்சம் நில்லுங்கள்.