சோற்றுக்கு வந்த உபாத்தியாயர்கள்

"வக்கற்றவனுக்கு வாத்தியார் வேலை, போக்கற்றவனுக்குப் போலீஸ் வேலை" என்று ஒரு பழமொழி உண்டு. என் தகப்பனார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரர், அவர் காதில் விழும்படியாகவே அதைச் சொல்லிச் சிரித்தார். அப்பா பதில் பேசவில்லை. ரசத்துக்காகச் சாதத்தில் குழி செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு ஜெர்மனியின் ஹாலே நகரத்துச் சரித்திரத்தைப் படித்தபோது, அந்தப் பழமொழியில் பாதி நிஜம் என்று தெரிந்தது. மற்றப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஹாலே, உப்புக் காய்ச்சிப் பேர்பெற்ற ஊர். 1694ல் அங்கே ஒரு சர்வகலாசாலை தொடங்கிற்று. வேதத்தை ஓதினால் மட்டும் போதாது, வாழ்ந்தும் காட்ட வேண்டும் என்று சொன்ன கிறிஸ்தவர்களின் கோட்டையாக அது விளங்கியது. அதன் பேராசிரியர்களில் ஒருவர் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே. நகரத்து மதிலுக்கு வெளியே, சாராயக் கடைகள் மலிந்த கிளௌகா என்ற ஏழைப் பேட்டைக்கு அவரே பாதிரியார்.

1695ல் அவர் வீட்டு உண்டியலில் ஒரு நாள் 4 தாலரும் 16 குரோஷனும் சேர்ந்து விழுந்திருந்தன. "இதைக் கொண்டு ஏதாவது உருப்படியாகச் செய்ய வேண்டும்" என்று தீர்மானித்தார் பிராங்கே. இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். ஏழை மாணவன் ஒருவனைப் பிடித்து, தினம் இரண்டு மணி நேரம் பேட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 27 புத்தகங்கள் வீட்டுக்குப் போயின; திரும்பி வந்தவை நான்கு! மற்றப் புத்தகங்களோடு பிள்ளைகளும் மறைந்துவிட்டார்கள். நானாக இருந்தால் உண்டியலைப் பூட்டியிருப்பேன். அவரோ மறுபடியும் புத்தகம் வாங்கினார். 'படித்து முடித்ததும் இங்கேயே வைத்துவிட்டுப் போ' என்று மட்டும் ஒரு விதி சேர்த்தார்.

பள்ளி பெருகியது. உபாத்தியாயர்களுக்கு எங்கே போவது? சர்வகலாசாலையில் வேதம் படித்த பையன்களில் பலர் அரைப் பட்டினி. 1696ல் அவர்களுக்காக இலவசப் பந்தி ஒன்றை ஏற்படுத்தினார் பிராங்கே. சாப்பிட்டவன் தினம் சில மணி நேரம் பள்ளியில் பாடம் நடத்த வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். ஆம், சோற்றுக்காகத்தான் வந்தார்கள். ஆனால் வந்தவனை அப்படியே வகுப்பில் தள்ளிவிடவில்லை. மேற்பார்வையாளர் வகுப்பில் வந்து உட்கார்ந்து கவனிப்பார். பிறகு எல்லோரும் கூடி, யார் எங்கே தவறினார் என்று பேசுவார்கள். கோபத்தோடு எந்தப் பிள்ளையையும் தண்டிக்கலாகாது என்பது பிராங்கேயின் கண்டிப்பான கட்டளை. ஆசிரியப் பயிற்சி என்று நாம் இன்று சொல்வது அங்கே ஒழுங்காக உருவெடுத்தது. 1727ல் அவர் காலமானபோது அந்தப் பள்ளிகளில் இரண்டாயிரம் பேருக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிள்ளைகள் விளையாடக்கூடாது என்று வைத்திருந்தார் மனிதர்! அத்தனை கருணையுள்ளவருக்கு ஒரு கோலிக்குண்டின் அருமை தெரியாமல் போயிற்றே.

இந்த ஹாலேயில் 1703ல் சிறிது காலம் படித்து, உடம்பு சரியில்லாமல் நடுவில் விட்டுப் போனவர் பார்த்தலோமேயு சீகன்பால்கு. டென்மார்க் அரசர் அனுப்ப, கப்பலில் 1706 ஜூலை 9ந்தேதி தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். தமிழ் கற்பிக்கப் புத்தகமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். ஐரோப்பியச் சர்வகலாசாலையில் படித்தவர், வாண்டுப் பயல்களின் வரிசையில் தாமும் சம்மணமிட்டு உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதினார். இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. ஹாலேயில் கற்பிக்கப் பழக்கினார்கள் என்றால், அந்தத் திண்ணை வாத்தியார் அவரைக் கற்கப் பழக்கினார்.

கற்றுக்கொண்டதற்கு அடையாளம், 1708லேயே அவர் கொன்றை வேந்தனையும் உலக நீதியையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டது. நம் பிள்ளைகள் திண்ணையில் கத்திப் படித்த பாடங்கள் கப்பலேறிப் போயின. 1716ல் தமிழ்ப் பிள்ளைகளை உபாத்தியாயர்களாகவும் உபதேசிகளாகவும் பழக்க, தரங்கம்பாடியிலேயே ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். மூன்று வருஷத்தில், 1719ல், இறந்துபோனார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

என் அப்பாவும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணலில்தான் எழுதிக் காட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து அவர் வேட்டியை உதறும்போது, கூடமெல்லாம் மணல் உதிரும். அம்மா முணுமுணுத்துக்கொண்டே விளக்குமாற்றை எடுப்பாள்.