வாவியின் இரு கரைகளும் கல்லூரி மலரும்

கையெழுத்துச் சஞ்சிகையின் கடைசிச் சில தாள்களை வெறுமையாக விட்டுவைப்பது ஒரு காலத்துப் பாடசாலை வழக்கம். இருப்பது ஒரேயொரு பிரதி. கையெழுத்து அழகாக உள்ளவர் எழுதுவார். சித்திரம் வரையத் தெரிந்தவருக்கு அட்டை. வகுப்பு வகுப்பாகக் கைமாறும்போது, படித்தவர்கள் அந்த வெற்றுத் தாள்களில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிவைப்பார்கள்: கதை நீளம், கவிதை விளங்கவில்லை, அடுத்த இதழில் விடுகதை வேண்டும். வாசகர் மனதை அறிந்து இதழ் செய்ய இதைவிட நேரான வழி வேறில்லை.

அச்சில் வந்த கல்லூரி மலரின் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. மட்டக்களப்பில் வெஸ்லியன் மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814 இல் தொடக்கிய கல்விப்பணியிலிருந்து வளர்ந்தது மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் வந்தது. ஆங்கிலம் படித்தால் அரசாங்க உத்தியோகம் என்றிருந்த நாட்கள் அவை. அக்கால இலங்கைக் கல்லூரி மலர்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: அதிபர் அறிக்கை, பரீட்சைப் பெறுபேறு, இல்ல விளையாட்டு, பழைய மாணவர் செய்தி. பெற்றோரும் பழைய மாணவரும் கல்வித் திணைக்களமும் பார்க்க ஏற்ற இதழ்தான். வகுப்பில் இருக்கும் பிள்ளைக்கு அதில் கிடைத்தது, பெரும்பாலும் தன் பெயரும் குழுப்படத்தில் ஓர் இடமும்.

மாணவரையே வாசகராக வைத்துச் சிந்தித்தவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் சுவாமி விபுலாநந்தர். காரைதீவில் 1892 இல் பிறந்த அவர், மேற்சொன்ன இரண்டு கல்லூரிகளிலும் படித்தவர். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் கற்பித்தார். மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தார். 1922 இல் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தபின் தமிழில் ‘இராமகிருஷ்ண விஜயம்’, ஆங்கிலத்தில் ‘வேதாந்த கேசரி’ என இரண்டு இதழ்களுக்கு ஆசிரியர். ஊர் திரும்பி 1929 இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்கு அவரே தலைமை. பௌதிகமும் இரசாயனமும் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு எந்தச் சொல் விளங்கும் என்பதே அங்கே கேள்வி. துறைவாரியாகச் சொற்களைத் திரட்டிய கலைச்சொல் நூல் 1938 இல் வெளிவந்தது. அது சஞ்சிகை அல்ல; ஆனால் எழுதுமுன் படிப்பவனை எண்ணிப் பார்த்த உழைப்பு அதில் முழுமையாக இருக்கிறது.

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1950களில் இடைநிலை வகுப்புகளும் தாய்மொழிக்கு மாறத் தொடங்கின. வாசகர் கூட்டமே மாறிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் கடலோரப் பிள்ளையோடு, மேற்கே படுவான்கரை வயற்காட்டுப் பிள்ளையும் உயர் வகுப்புக்கு வந்தது. மண்முனைத் துறையில் பாலம் திறந்தது 2014 இல்தான். அதுவரை அங்கே வாவியைக் கடக்கப் படகு வேண்டும். வேளாண்மை வெட்டும் காலமும் கூத்து அரங்கேறும் இரவுகளும் படுவான்கரைப் பிள்ளையின் ஆண்டைப் பங்கிட்டன. இதையெல்லாம் விசாரிக்காமல் மலர் போட்டால் அது பட்டினத்து மலராகவே நின்றுவிடும்.

1981 ஓகஸ்டில் வந்தாறுமூலையில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, மத்திய மகா வித்தியாலய வளவில் தொடங்கியது. 1986 இல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். இன்று அங்கே தமிழ், முஸ்லிம் மாணவரோடு தெற்கிலிருந்து வரும் சிங்கள மாணவரும் படிக்கிறார்கள். அங்கே மலர் போடும் குழுவும் முதல் கூட்டத்திலேயே மொழியைப் பற்றி இந்த மாணவர்களிடம் கேட்டாக வேண்டும்.